பத்து ரூபாய்க்குள் ஓடும் ரயில்

"டிக்கெட்டு பத்து ரூபாதாங்க. போய்ட்டு வர்றதுக்குள்ள நூறு ரூபா காலி!" மீஞ்சூர், அத்திப்பட்டு, வள்ளூர் பக்கத்தில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். அதற்குள் ஒரு நல்ல புதிர் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையம் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்புச் சீட்டு 10 ரூபாய், ஒரு டீயின் விலைகூட இல்லை. அதே தொலைவை மோட்டார் சைக்கிளில் கடந்தால் பெட்ரோலுக்கு மட்டும் 50 ரூபாய்க்கு மேல் போகும். இத்தனை மலிவான பயணம் எப்படிச் சாத்தியமாகிறது? இவ்வளவு மலிவாக இருந்தும் பயணியின் பை ஏன் காலியாகிறது? இரண்டுக்கும் விடை தேட, அந்தப் பத்து ரூபாய்ச் சீட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதல் அதிசயம் சக்கரத்தின் அடியில் இருக்கிறது. எஃகுத் தண்டவாளத்தின் மீது எஃகுச் சக்கரம் உருளும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். 12 பெட்டி மின்சார ரயிலுக்கு 96 சக்கரங்கள். அத்தனை தொடுபுள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஓர் உள்ளங்கைப் பரப்பு வரும். காலை நெரிசலில் ஏறத்தாழ 3,000 பேரோடு கிட்டத்தட்ட 650 டன் எடையுள்ள வண்டி, அந்த ஓர் உள்ளங்கையின் மீது நின்றபடி திருவொற்றியூரைக் கடந்து போகிறது!

தொடும் இடம் இவ்வளவு சிறிதாக, நசுங்காமல் இருப்பதால் உருளல் எதிர்ப்பு மிகக் குறைவு. உருளும் சக்கரத்தைத் தரை பின்னுக்கு இழுக்கும் விசைக்கு அதுதான் பெயர். சமதளத் தண்டவாளத்தில் ஒரு டன் எடையை ஓடவைத்துக்கொண்டே இருக்க, 2 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசை போதும். தார்ச்சாலையில் ரப்பர் டயர் மீது அதே ஒரு டன்னை நகர்த்த 10 கிலோவுக்கு மேல் வேண்டும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் ஆற்றலின் ஒரு பங்கு சூடாகக் கரைந்துவிடுகிறது.

ரயில் மின்சாரத்தைத் தின்பது எங்கே? நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு என்னையே வியக்கவைத்தது. 27 கிலோமீட்டரும் உருண்டு வருவதற்கு ஏறத்தாழ 100 யூனிட் போதும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கோ ஒவ்வொரு முறையும் 34 யூனிட் தேவை. மீஞ்சூரில் கிளம்பும் வண்டி நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் என்று நின்று நின்று போகிறது. 12 முறை கிளம்பினால் 400 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. தொலைவுக்காகச் செலவாகும் மின்சாரத்தைப் போல நான்கு மடங்கு, நிற்பதற்காகச் செலவாகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் புதிய வகை ரயில்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. பிரேக் போடும்போது மோட்டார் தலைகீழாக மாறி ஜெனரேட்டராகிறது. வண்டியின் வேகம் மின்சாரமாக மாறி, தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பிக்கே திரும்புகிறது. மீளாக்கத் தடுப்பு என்று இதைச் சொல்லலாம். எண்ணூரில் நிற்கும் ஒரு வண்டி விட்டுக்கொடுத்த மின்சாரத்தில், அதே கம்பியின் கீழ் இன்னொரு வண்டி கிளம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

இழப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 700 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 3,000 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குக் கால் யூனிட்கூட வராது. வீட்டு மின்விசிறி மூன்று மணி நேரம் சுற்றும் மின்சாரம் அது. நிலக்கரியாகச் சொன்னால் ஒரு கைப்பிடி. இனி வள்ளூர் பக்கம் திரும்புவோம். என்.டி.பி.சி.யும் தமிழ்நாட்டு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த வள்ளூர் அனல் மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் உள்ளன. மூன்றும் முழுவீச்சில் ஓடினால் ஒரு விநாடியில் 400 யூனிட்டுக்கு மேல் பிறக்கும். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் வரை ஒரு ரயிலை ஓட்டத் தேவையான மின்சாரத்தை அந்த நிலையம் இரண்டே விநாடிக்குள் ஆக்கிவிடும்!

யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டாலும் ஒரு பயணிக்கு மின்சாரச் செலவு 2 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் இது காலை நெரிசலின் கணக்கு. மதியம் இரண்டு மணிக்கு அதே வண்டி 500 பேரோடு போனால் மின்சாரமே தலைக்கு 8, 9 ரூபாய் ஆகிவிடும். காலையில் நம்மை நசுக்கும் கூட்டம்தான் மதிய வண்டியையும் ஓடவைத்துக்கொண்டிருக்கிறது. படியில் தொங்கிக்கொண்டு வருபவருக்கு இது ஆறுதலாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறோம். மின்சாரம் போக ஓட்டுநர், கார்டு, நிலைய அலுவலர், பாதை பராமரிப்போர், சிக்னல், பெட்டிகளின் விலை, ஓய்வூதியம் என்று எத்தனையோ செலவுகள் இருக்கின்றன. இவற்றில் மீஞ்சூர்ப் பயணியின் பங்கு எவ்வளவு? துல்லியமான விடை எந்தக் கணக்காளரிடமும் கிடைக்காது. மீஞ்சூர் வழியாகப் போகும் கும்மிடிப்பூண்டி தடத்தில் மின்சார ரயிலோடு விஜயவாடா வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் விரைவு ரயில்களும் ஓடுகின்றன. துறைமுகச் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. ஒரே தண்டவாளம் தேய்கிறது. தேய்மானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு, இட்லிக்கு எவ்வளவு கேஸ், சாம்பாருக்கு எவ்வளவு கேஸ் என்று பிரிப்பதைப் போன்ற வேலை இது. பொருளியலில் இதற்குக் கூட்டுச் செலவு என்று பெயர். பிரிக்கும் முறையை மாற்றினால் லாபநட்டமும் மாறிவிடும்.

அந்தப் பிரிப்புக்கு உட்பட்டுத்தான் ரயில்வே ஒரு செய்தியைச் சொல்கிறது. பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் வசூலாகிறது என்ற வாசகத்தை 2016 முதல் பயணச்சீட்டிலேயே அச்சிடத் தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இன்னும் தெளிவானது: 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், ஆண்டுக்கு 56,993 கோடி ரூபாய் மானியம். இது நாடு முழுவதற்குமான சராசரி. புறநகர் ரயிலில் வசூலாகும் பங்கு இதைவிடவும் குறைவு.

மீதியை யார் தருகிறார்கள்? சரக்கு வண்டிகள்தான். சரக்குக்குக் கூடுதலாக வாங்கி, அந்த உபரியால் பயணியின் சீட்டைத் தாங்குவதைக் குறுக்கு மானியம் என்பார்கள். ரயிலில் போகும் சரக்கின் எடையில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. வள்ளூருக்கு வரும் நிலக்கரியின் பாதையைப் பாருங்கள். ஒடிசாவின் தால்சேர் சுரங்கப் பகுதியிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம், பிறகு கன்வேயர் பட்டையில் மின் நிலையம். ஒடிசாவில் அந்த நிலக்கரிக்குக் கட்டிய ரயில் வாடகையின் ஒரு துணுக்கு, வட சென்னையில் மின்சார ரயிலைத் தாங்கும் உபரியில் சேர்கிறது. ஆனால் மின் நிலையம் அந்த வாடகையைத் தன் கையிலிருந்தா கொடுக்கும்? மின்சார விலையில் ஏற்றிவிடும். புருக்கிங்ஸ் இந்தியா நிறுவனத்துக்காக 2018இல் புனீத் கம்போஜும் ராகுல் டோங்கியாவும் செய்த ஆய்வு, இந்தக் கூடுதல் வாடகையால் நிலக்கரி மின்சாரத்தின் விலை யூனிட்டுக்குச் சராசரியாக 10 பைசா அளவில் ஏறுகிறது என்று கணக்கிட்டது.

ஆக, பத்து ரூபாய்ச் சீட்டின் இன்னொரு துண்டு மின்கட்டண அட்டையில் ஒளிந்திருக்கிறது. அதை மின்வாரியமும் அரசும் தொழிற்சாலைகளும் வீடுகளும் சேர்ந்து கட்டுகின்றன. வாழ்நாளில் ரயிலே ஏறாதவரும் கட்டுகிறார். இவற்றோடு, எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு பங்கையும் எண்ணூர்க் கழிமுகத்து மக்கள் செலுத்துகிறார்கள். அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றில் வலை வீசுபவர் இழந்த மீனுக்கு எந்தச் சீட்டிலும் வரி இல்லை. இந்த ஒரு பங்கு விடுபட்டுப் போனது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

சரி, சீசன் டிக்கெட்டுக்கு வருவோம். தினப்பயணிகளுக்காக ரயில்வே வைத்திருக்கும் மிக அழகான கணக்கு இதுதான். ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் விலையில் மாதம் முழுக்கப் போகலாம் என்பது நெடுநாள் நெறி. சிறு தொகைகளைச் சுற்றி முழுமையாக்கும்போது இது கொஞ்சம் ஏறினாலும் 20 பயணங்களைத் தாண்டுவதில்லை. மாதம் 25 நாள் போய்வந்தால் 50 பயணங்கள். பத்து ரூபாய்ப் பயணம் மூன்று, நான்கு ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. காலாண்டுச் சீசனுக்கு 2.7 மாதத்தின் விலை, ஆண்டுச் சீசனுக்கு 10.8 மாதத்தின் விலை. 2014 ஜூனில் ரயில் கட்டணத்தை 14.2 விழுக்காடு உயர்த்தியபோது, இந்தப் 15 என்ற எண்ணை 30 ஆக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். சீசன் விலை ஒரே இரவில் இரட்டிப்பாகியிருக்கும். எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே 15 திரும்ப வந்தது. 80 கிலோமீட்டர் வரையிலான புறநகர் இரண்டாம் வகுப்புக்கு உயர்வே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் புறநகர் ரயிலையும் சீசனையும் தொடவில்லை.

பத்து ரூபாய்ச் சீட்டை விற்கவும் செலவாகுமே! அதைக் குறைக்கும் தந்திரம் நம் கண்முன்னே இருக்கிறது. மின்சார ரயில் நிலையங்களில் மெட்ரோ போலக் கதவுகள் கிடையாது. நம்பிக்கையும் அபராதமும்தான் கதவு. சீட்டில்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சீசன் வைத்திருப்பவரின் ஒரு பயணம் 4 ரூபாய் என்றால், 250 ரூபாய் 60க்கு மேற்பட்ட பயணங்களுக்குச் சமம். பரிசோதகர் ஒருவரை மாதத்துக்கு ஒருமுறை மடக்கினாலே போதும், ஏமாற்றுவது நட்டக் கணக்காகிவிடும். சென்னையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தானியங்கிக் கதவும், அதற்குக் காவலும், பழுதுபார்ப்பும் வைத்திருந்தால் அந்தச் செலவும் சீட்டின் மீதே ஏறியிருக்கும்.

செல்பேசிச் சீட்டு வந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஆபத்து முளைத்தது. பரிசோதகரைப் பார்த்ததும் பட்டென்று செல்பேசியில் சீட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்குப் புவிவேலி கட்டினார்கள். செயற்கைக்கோள் உதவியால் நீங்கள் நிற்கும் இடத்தை அறிந்து, தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தால் காகிதமில்லாச் சீட்டு தர மறுக்கும் கண்ணுக்குத் தெரியாத வேலி. பூமியிலிருந்து 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், மீஞ்சூரில் ஒருவர் பத்து ரூபாயை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்க்க உதவுகின்றன! இதே வேலையை ஒரு காலத்தில் தேதி குத்திய அட்டைச் சீட்டு செய்தது. சீட்டு அச்சிட ரயில்வே தன் கையில் கடைசிவரை வைத்திருந்த ஐந்து அச்சகங்களில் ஒன்று நம் ராயபுரத்தில்தான் இருந்தது.

இனி அந்த நூறு ரூபாய்க்கு வருவோம். பயணத்தின் விலை சீட்டோடு முடிவதில்லை. வள்ளூரில் வீட்டிலிருந்து நிலையம் வரை ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய், இறங்கிய பின் வேலையிடம் வரை இன்னொரு 20 என்று வைத்துக்கொள்வோம். இருவழிக்கும் 80. ரயிலுக்கு 20. ஆக நூறு. 54 கிலோமீட்டர் ரயிலுக்குக் கொடுப்பதைப் போல நான்கு மடங்கை, இரு முனைகளிலும் உள்ள சில கிலோமீட்டருக்குக் கொடுக்கிறோம். ரயில் மலிவாக இருப்பதற்குக் காரணமான கூட்டம்தான் இங்கே இல்லை. 3,000 பேர் பகிரும் செலவை, ஷேர் ஆட்டோவில் ஐந்தாறு பேர் பகிர வேண்டியிருக்கிறது.

விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறுவோர் இந்த வேறுபாட்டை நேராகவே உணர்வார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ அங்கே வந்தது. ஒரு வாரத்தில் அதிகபட்சக் கட்டணமும் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்தது. ஆனாலும் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் 5 ரூபாய் என்றால், மெட்ரோவில் 30, 40 ரூபாய். மெட்ரோவைத் தாங்க நிலக்கரி வண்டி இல்லை. 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கிய ஏ.சி. மின்சார ரயிலிலும் இதே கதை. சாதாரண வண்டியில் 10 ரூபாய் ஆகும் கடற்கரை–தாம்பரம் பயணத்துக்கு அதில் 85 ரூபாய். மறுபக்கம், மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே கிடையாது. ஒரே குடும்பத்தில் கணவன் ரயிலிலும் மனைவி பேருந்திலும் போவதற்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருக்கக்கூடும்.

பணத்தைவிடக் கூடுதலாக எரிச்சலூட்டுவது காத்திருப்பு. ஓடும் வண்டியில் கழியும் ஒரு நிமிடத்தைவிட, நடைமேடையில் கழியும் ஒரு நிமிடத்தை மனம் ஏறத்தாழ இரண்டு நிமிடமாகக் கணக்கிடுகிறது என்று போக்குவரத்து ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் ஒரு கணித விந்தை உண்டு. மணிக்கு இரண்டு ரயில்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 30 நிமிட இடைவெளியில் வந்தால், தோன்றிய நேரத்தில் நிலையத்துக்கு வரும் பயணி சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு ரயில்கள் ஒருமுறை 10 நிமிடத்திலும் மறுமுறை 50 நிமிடத்திலும் வந்தால்? சராசரி 15தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் நீண்ட இடைவெளியில் வந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஆறில் ஐந்து. அதில் 25 நிமிடம், மீதி ஆறில் ஒன்றில் 5 நிமிடம் என்று கூட்டினால், சராசரிக் காத்திருப்பு கிட்டத்தட்ட 22 நிமிடம்! ஒரு வண்டிகூடக் குறையவில்லை, ஆனாலும் ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 7 நிமிடம் போய்விட்டது. காத்திருப்பு முரண் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். "நான் வந்தா மட்டும் வண்டி லேட்டு" என்று அலுத்துக்கொள்பவர் பிரமையில் பேசவில்லை. கணிதம் அவர் பக்கம்தான் நிற்கிறது.

கும்மிடிப்பூண்டி தடத்தில் இந்த இடைவெளிகள் கோணலாவதற்கு முக்கியக் காரணம், பாதையைப் பகிர்ந்துகொள்வதுதான். விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் முந்திப்போக, மின்சார ரயில் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அத்திப்பட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே 3ஆவது, 4ஆவது பாதைகள் வேண்டும் என்று இத்தடத்தினர் கேட்டுக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். காத்திருப்பை விட்டு இரு முனைச் செலவுக்குத் திரும்பினால், 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க வழிசெய்திருக்கிறது. இரு முனைகளின் செலவைக் கோக்கும் நூலின் நுனி அது.

மாலை வண்டி எண்ணூரை நெருங்குகையில் வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. சிவப்பு சிக்னல். பக்கத்துப் பாதையில், துறைமுகத்திலிருந்து மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குக் கரி ஏற்றிய நீண்ட சரக்கு வண்டி ஊர்ந்து போகிறது. வாசலில் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைத் திட்டுகிறார். அவர் பையில் இருக்கும் சீட்டில் குறையும் மீதிப் பணத்தை, இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருப்பது அந்த வண்டிதான்.